காலையில் எஞ்சின் தட்டினால்…
(வெள்ளகோவிலில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உழவியல் கற்பிக்கும் நான் லாரி எஞ்சினைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குத் தேங்காய்ப் பருப்போ, சூரியகாந்தி விதையோ ஏற்றி வரும் வண்டி வழியில் நின்றுவிட்டால் அன்றைய ஏலம் தவறிவிடும். பறித்த முருங்கைக்காய் வாடிவிடும். விளைவித்தால் மட்டும் போதாது. விளைந்தது சந்தைக்குப் போய்ச் சேரவும் வேண்டும்.

என் பெரியப்பா பழைய லாரி ஒன்று வைத்திருந்தார். ஒரு நாள் காலை கிளப்பியதும் எஞ்சின் தட்டியது. "டாப்பெட் சத்தந்தான், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கரூர் சாலையில் புறப்பட்டார். சத்தம் குறையவில்லை, கூடிக்கொண்டே போயிற்று. வழியில் கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கையே உடைத்துவிட்டது. பேரிங் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, அந்த ஆண்டின் விளைச்சல் பணம் முழுவதையும் விழுங்கிவிட்டது.

இலை மஞ்சளானால் உடனே யூரியா போட்டுவிடுகிறோமா? அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை; குருத்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை என்று பார்த்தறிகிறோம். எஞ்சினுக்கும் அப்படியே. சத்தம் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? சூடேறினால் குறைகிறதா, கூடுகிறதா? இம்மூன்றையும் கவனியுங்கள். குளிர்ந்த எஞ்சின் என்பது மார்கழிப் பனியில் நின்ற எஞ்சின் மட்டுமல்ல. சித்திரையிலும் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற எஞ்சின் குளிர்ந்த எஞ்சினே.

முதலில் எண்ணெய். கிளப்புவதற்கு முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது எஞ்சின் ஆயிலின் அளவைப் பாருங்கள். இரவில் ஆயில் கீழே வடிந்துவிடுவதால், கிளப்பியவுடன் மேற்பகுதியில் சில விநாடிகள் மெல்லத் தட்டலாம். ஆயில் ஏறியதும் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அதுவரை ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள். தயாரிப்பாளர் குறித்த ரக ஆயிலையே ஊற்றுங்கள். 15டபிள்யூ-40 என்பதில் முன்னுள்ள எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், பின்னுள்ளது சூட்டில் அதன் தடிமனையும் குறிக்கும்.

எஞ்சினின் தலைப்பகுதியில் இலேசாக, ஒரே சீராக 'டிக் டிக்' என்று கேட்டால் டாப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு வால்வு ஒரு முறைதான் திறக்கும். எனவே இச்சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதியாகவே கேட்கும். ஃபீலர் கேஜ் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். அந்த அளவு குளிர்ந்த நிலைக்கா, சூடான நிலைக்கா என்பதையும் பாருங்கள். சத்தமே வேண்டாமென்று அதிகமாக இறுக்கினால் வால்வு முழுவதும் மூடாமல் கருகிவிடும்.

பக்கவாட்டில் 'டிக் டிக்' என்று கேட்டுச் சூடேறியதும் மறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் கேஸ்கெட்டைப் பாருங்கள். கரி படிந்த தடம் இருந்தால் புகை கசிகிறது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் மறைகிறது.

டீசல் எஞ்சினில் அழுத்திய காற்றின் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. சிலிண்டர் குளிர்ந்திருந்தால் பற்றுவதற்குச் சற்றுத் தாமதமாகும். அதற்குள் சேர்ந்த டீசல் ஒரேயடியாக எரிவதால் தட்டும். சூடானால் இது தணியும். தணியாமல் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டிப் புகையும் கக்கினால் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய எஞ்சின்களில் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அதில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாயும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மந்தமான ஒலி, சூடேறச் சூடேறக் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரில் ஆடுகிறது எனக் கொள்ளலாம். உடனே ஆபத்தில்லை, ஆயில் செலவாகும் அளவைக் குறித்து வாருங்கள்.

அடிப்பகுதியிலிருந்து கனத்த 'டொக் டொக்' ஒலி வந்து, சூட்டிலும் பாரத்திலும் கூடினால் அது பேரிங் சத்தம். சூட்டில் ஆயில் இளகுவதால் தேய்ந்த பேரிங் மேலும் தட்டும். அதைக் கேட்டாலோ, ஆயில் விளக்கு அணையாமல் எரிந்தாலோ அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். கட்டி இழுத்துச் செல்லும் கூலி, புது எஞ்சினின் விலையைவிடக் குறைவு.

இடத்தைக் கண்டறிய, நீண்ட மரக்குச்சியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதருகே பிடித்துக் கேட்கலாம். வேட்டியும் துண்டும் ஃபேன் பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. காலையில் மட்டும் கேட்கும் சத்தத்தை, வண்டியை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் காதில் எதுவும் விழாது. முதல் நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். மறுநாள் காலை அவரே கிளப்பிக் கேட்கட்டும். பெரியப்பா அன்று மூட்டை ஏற்றுவதை ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தால் அந்த லாரி தப்பியிருக்கும்.