நாலாவது சனிக்கிழமை: ஒரு ஊர் பைத்தான் கத்துக்கிட்ட விதம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ரெண்டு கேள்வி எடுத்துக்கப் போறேன். முதல் கேள்வி: "எங்க டீம் ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் பண்ணியிருக்கு. அதைச் சுத்தி ஒரு டெவலப்பர் கம்யூனிட்டி உருவாக்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?" ரெண்டாவது: "எந்த சந்தேகத்துக்கும் ஏஐ பதில் சொல்லிடுதே, இனிமே மீட்டப்புக்கு யாருங்க வருவாங்க?"

ரெண்டுக்கும் பதில் தேடி சிலிக்கான் வேலி வரைக்கும் போக வேண்டாம். அடையாறுல இருந்து பத்து, பதினஞ்சு நிமிஷ தூரத்துலயே இருக்கு.

சிலபஸ் எது வரைக்கும் கொண்டு வரும்?

நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்போ முதல் வருஷம் எங்களுக்கு சி. நான் ஃபைனல் இயர் வந்தப்போ அண்ணா யுனிவர்சிட்டியோட 2017 ரெகுலேஷன் வந்துடுச்சு. முதல் செமஸ்டர்லயே எல்லா பிராஞ்சுக்கும் பைத்தான். சிவில், மெக்கானிக்கல், யாரா இருந்தாலும் சரி. ரெண்டு வருஷம் கழிச்சு, 2019ல, தமிழ்நாடு பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துலயும் பைத்தான் வந்தது.

பேப்பர்ல பார்த்தா இதைவிடப் பெரிய அடாப்ஷன் கிடையாது. ஒரே ரெகுலேஷன்ல நூத்துக்கணக்கான காலேஜ். ஆனா லேப்ல என்ன நடந்ததுன்னு அந்த பேட்ச் பசங்களைக் கேட்டுப் பாருங்க. லிஸ்ட்ல ஒரு எக்சர்சைஸ், பைகேம் வச்சு ஒரு பந்தைக் குதிக்க வைக்கணும். நல்ல எக்சர்சைஸ்தான். ஆனா பைகேம் பைத்தானோட சேர்ந்து வராது, தனியா இன்ஸ்டால் பண்ணணும். இன்டர்நெட் இல்லாத லேப் மெஷின்ல, அட்மின் பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்குன்னே தெரியாம, எத்தனை பேருக்கு அந்தப் பந்து குதிச்சிருக்கும்? நிறைய பேர் ரெக்கார்ட் நோட்ல அவுட்புட்டை வரைஞ்சு வச்சாங்க.

பசங்க மேலயோ, சொல்லிக்கொடுத்தவங்க மேலயோ நான் குறை சொல்லல. பல வருஷம் சி எடுத்தவங்க கையில திடீர்னு பைத்தான் கொடுத்தாச்சு. ஒரு டெக்னாலஜியை சிலபஸ் வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடும். வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து உட்கார வைக்க ஆள் வேணும்.

கஜேந்திரா சர்க்கிள் பக்கத்துல ஒரு கிளாஸ்ரூம்

அந்த ஆளுங்க இந்த ஊர்ல ஏற்கெனவே இருந்தாங்க. 1990கள் கடைசியில சென்னை லினக்ஸ் யூசர் குரூப் ஆரம்பிச்சது. ஐ.எல்.யு.ஜி.சி.ன்னு சொல்லுவாங்க. ரொம்ப வருஷம் அவங்க கூடின இடம் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உள்ளே, கஜேந்திரா சர்க்கிள் பக்கத்துல, ஏரோஸ்பேஸ் டிபார்ட்மென்ட் கிளாஸ்ரூம். மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை, மதியம் 3 மணி.

அந்தக் காலத்து நிலைமையை நினைச்சுப் பாருங்க. டயல்-அப் கனெக்ஷன்ல ஒரு லினக்ஸ் டவுன்லோட் பண்றது நடக்காத காரியம். பிசி குவெஸ்ட் மாதிரி பத்திரிகையோட வர்ற சிடிதான் கதி. இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்ப்ளே போச்சுன்னா கூகுள் பண்ண முடியாது, ஏன்னா இருக்குற ஒரே கம்ப்யூட்டரும் போச்சு! அப்போ ஒரே வழி, அதைத் தாண்டி வந்த இன்னொரு மனுஷன். அவரை எங்கே பிடிக்கலாம்னா, ரெண்டாவது சனிக்கிழமை 3 மணிக்கு அங்கே இருப்பார்.

பைத்தான் பக்கம் வந்தா, சென்னைபை. சென்னை பைத்தான் யூசர் குரூப். இவங்க எடுத்துக்கிட்டது நாலாவது சனிக்கிழமை, இடம் தரமணியில இருக்குற கணித அறிவியல் நிறுவனம், அதான் மேட்சயின்ஸ். 1962ல ஆரம்பிச்ச ஒரு ஆராய்ச்சி நிறுவனம். மயிலாப்பூர்ல இருந்து வர்றவங்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கு, தி.நகர்ல இருந்து ஒரு பஸ் மாறினா போதும்.

இந்த ரெண்டு இடத்துக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. ரெண்டும் மக்கள் பணத்துல நடக்குற நிறுவனங்கள். எந்த கம்பெனியோட பேனரும் பின்னாடி தொங்க வேண்டியதில்ல.

தேதி மாறாம இருக்கறதோட பலன்

ஒவ்வொரு மாசமும் "எல்லாருக்கும் எந்த நாள் சரிப்படும்?"னு போல் போடுற குரூப்புகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. மூணாவது மாசம் அந்த போலுக்கு ஆறு ஓட்டு விழும், அஞ்சாவது மாசம் போலே வராது. தேதி நிரந்தரமா இருந்தா, வரணுமா வேண்டாமான்னு மட்டும்தான் யோசிக்கணும். ஒரு மாசம் விட்டுட்டாலும் அடுத்தது எப்போன்னு தெரியும்.

3 மணிங்கறதும் சின்ன விஷயம் இல்ல. சாயங்காலம் 7 மணிக்கு ஓ.எம்.ஆர். ஆபீஸ்ல வைக்கிற மீட்டப்புக்கு ஹாஸ்டல்ல தங்கியிருக்கற பொண்ணு வர முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் படிக்கற பையன் வந்தா, திரும்பிப் போக பஸ் கிடைக்காது. மதியம் ஆரம்பிச்சு வெளிச்சம் இருக்கும்போதே முடிஞ்சா இவங்க ரெண்டு பேரும் உள்ளே வந்துடுவாங்க. யாருக்காக கம்யூனிட்டி நடத்துறோம்ங்கறதை நாம எழுதற மிஷன் ஸ்டேட்மென்ட் சொல்லாது, கடிகாரம் சொல்லிடும்.

அடுத்தது லைட்னிங் டாக். அஞ்சு நிமிஷம், யார் வேணும்னாலும் பேசலாம். முழு டாக் கொடுக்க எல்லாருக்கும் பயம் இருக்கும். ஆனா "என் ஆபீஸ்ல எக்செல் ஷீட்டை இப்படி ஆட்டோமேட் பண்ணேன்"னு அஞ்சு நிமிஷம் பேச முடியும். கேட்டுட்டு இருந்த ஆள் பேசற ஆளா மாறுறது அந்த அஞ்சு நிமிஷத்துலதான். அதுவும் கேள்வியைத் தமிழ்ல கேக்கலாம்னு இருந்தா இன்னும் பத்து கை தூக்கும். சந்தேகம் இருக்கும், ஆனா அதை இங்கிலீஷ்ல கோத்து முடிக்கறதுக்குள்ள அடுத்த ஸ்பீக்கர் வந்துடுவார். இந்த அவஸ்தை நம்மள்ல பல பேருக்குத் தெரியும்.

நம்ம பிரச்சனையை நாமதான் தீர்க்கணும்

தமிழ்னு சொன்னதும் ஒரு உதாரணம் ஞாபகம் வருது. லேப்டாப் பக்கத்துல இருந்தா நீங்களே போட்டுப் பாருங்க. பைத்தான் 3ல 'தமிழ்'ங்கற சொல்லோட நீளத்தை லென் ஃபங்ஷன்ல கேளுங்க. 5னு சொல்லும். நமக்கு அது 3 எழுத்து: த, மி, ழ். பைத்தான் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணுது, ஏன்னா யூனிகோட்ல அது தனித்தனி கோட். அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டா புள்ளி தனியா முன்னாடி வந்து நிக்கும், இகரம் ழகரத்தோட ஒட்டிக்கும்.

இதை யார் சரி பண்ணுவா? பைத்தானை உருவாக்கின கைடோ வான் ராசமுக்கு இது தூக்கத்தைக் கெடுக்கற பிரச்சனை இல்ல. 'எழில்'ங்கற தமிழ் நிரலாக்க மொழியை பைத்தான்ல எழுதின முத்து அண்ணாமலையும், பல ஊர்கள்ல இருந்து அவரோட சேர்ந்தவங்களும் 'ஓப்பன் தமிழ்'னு ஒரு லைப்ரரி பண்ணாங்க. அது 3னு சரியா எண்ணும். அதே மாதிரி 2012ல ஆரம்பிச்ச 'கணியம்' இதழ் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் எல்லாம் எளிய தமிழ்ல எழுதி இலவசமா கொடுத்தது.

முதல் கேள்வி கேட்டவருக்கு இதுதான் முக்கியமான பாயின்ட். உங்க டூல் எவ்வளவு நல்லதுன்னு சொல்ல ஆள் தேடாதீங்க. அதுல என்ன குறைன்னு கண்டுபிடிச்சு, "இதை நானே சரி பண்றேன்"னு சொல்ற முதல் ஆளைத் தேடுங்க. உங்க கம்யூனிட்டி அவர்கிட்டதான் ஆரம்பிக்குது.

கம்யூனிட்டி இருந்தும் நிக்காத கதை

இதுக்கு எதிர் உதாரணமும் சொல்லணும், இல்லன்னா நான் விளம்பரம் பண்ற மாதிரி ஆயிடும். 2014 ஆகஸ்ட்ல இந்தியாவுல ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் போன் வந்தது. இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ், விலை 1,999 ரூபாய். மொசில்லாவுக்குத் தமிழ்நாட்டுல நல்ல வாலன்டியர் கூட்டம் உண்டு. ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சா போதும், ஆப் எழுதலாம். உற்சாகத்துக்குக் குறைவே இல்ல. 2015 டிசம்பர்ல மொசில்லா, இனி மொபைல் கம்பெனிகள் வழியா இந்த போன்களை விக்க மாட்டோம்னு அறிவிச்சுது. கொஞ்ச நாள்ல ப்ராஜெக்ட்டே முடிஞ்சது. அந்த கோட்ல இருந்து பிரிஞ்சு வந்த காய்ஓஎஸ் அப்புறம் ஜியோபோன்ல ஓடுச்சு, அது வேற கதை.

கம்யூனிட்டி நல்லா இருந்தா மட்டும் டெக்னாலஜி பிழைக்காது. ஆனா அந்த வாலன்டியர்ஸ் கத்துக்கிட்ட வெப் வீணாப் போகல, அடுத்த வேலைக்குக் கூடவே வந்தது. அதனால யாரையும் கம்யூனிட்டிக்குக் கூப்பிடும்போது உங்க டூலை மட்டும் கொடுக்காதீங்க. நாளைக்கு அந்த டூல் இல்லன்னாலும் அவங்க கையில நிக்கற மாதிரி ஒண்ணைக் கொடுங்க.

பைத்தானுக்கும் ஒரு கண்டம் இருந்தது. 2008ல பைத்தான் 3 வந்தது, பழைய கோட் நிறைய அதுல ஓடாது. பைத்தான் 2 அதிகாரபூர்வமா முடிஞ்சது 2020 ஜனவரி 1. நடுவுல 11 வருஷம்! அவ்வளவு நாள் மொழி ரெண்டா உடையாம தாண்டினதுக்கு உலகம் பூரா இருந்த இந்த மாதிரி சின்ன ரூம்களும் ஒரு காரணம்னு நான் நம்பறேன். அந்த 11 வருஷத்தோட கடைசியில, 2019 அக்டோபர்ல, பைகான் இந்தியா சென்னைக்கு வந்தது, நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல. 2009ல பெங்களூர்ல ஆரம்பிச்சு, வாலன்டியர்ஸே நடத்தற மாநாடு அது.

அந்தத் தலைமுறையில ஒரு பேர் சொல்லணும். கென்னத் கோன்சால்வஸ். இந்திய பைத்தான் சொசைட்டியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர், 2012ல இறந்துட்டார். பைத்தான் கம்யூனிட்டிக்கு உழைச்சவங்களுக்கு அவர் பேர்ல விருது கொடுக்கறாங்க. ஆள் சேர்க்கறதும் கத்துக்கொடுக்கறதும்கூட கோட் எழுதறதுக்குச் சமமான வேலைன்னு ஒத்துக்கற விருது அது.

சரி, ஏஐ?

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். இன்ஸ்டால் எரர் வந்தா இப்போ யாரும் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நானும் காத்திருக்க மாட்டேன். மீட்டப்போட பாதி வேலை போயிடுச்சு, அது உண்மை.

மிச்ச பாதி என்ன? முதல் வேலை தேடிட்டு இருக்கற ஒருத்தருக்கு ஏஐ ரெஸ்யூமே எழுதிக் கொடுக்கும். "இந்தப் பொண்ணு போன மாசம் பேசினாங்க, நல்லா யோசிக்கறாங்க, கூப்பிட்டுப் பாருங்க"னு அது யாருக்கும் போன் பண்ணாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெரிய கம்பெனி வராத காலேஜ்ல படிச்சவங்களுக்கு இந்த ஊர்ல திறந்திருக்கற கதவுகள்ல இந்த ரூமும் ஒண்ணு. ஆள் வராம அது மூடினா, நல்ல நெட்வொர்க்கோட பிறந்தவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. மத்தவங்களுக்குத்தான் நஷ்டம்.

இன்னொண்ணு, ஏஐகிட்ட கேக்கணும்னா என்ன கேக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். பக்கத்து சீட்காரர் டேட்டாபேஸ்ல பண்றதைப் பார்த்துத்தான் "ஓ, இப்படி ஒண்ணு இருக்கா?"ன்னு தோணும்.

அதனால கம்யூனிட்டி ஆரம்பிக்கறவங்களுக்கு நாலு விஷயம். தேதியையும் நேரத்தையும் ஒரு தடவை முடிவு பண்ணுங்க, மாத்தாதீங்க. தலை எண்ணாதீங்க, ரெண்டாவது தடவை வந்தவங்களை எண்ணுங்க. ரெண்டாவது தடவை வந்தவங்களுக்குச் சின்னதா ஒரு வேலை கொடுங்க: கேட்ல நின்னு வழி சொல்றது, புரொஜெக்டர் கேபிள் பார்த்துக்கறது, எதுவானாலும் சரி. நாலாவது, நீங்க ஒரு மாசம் வராம இருந்து பாருங்க. மீட்டிங் நடந்ததுன்னா கம்யூனிட்டி இருக்கு. நடக்கலன்னா இதுவரைக்கும் இருந்தது நீங்க மட்டும்தான்.

கேட்டுட்டு இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். உங்க ஊர்ல, உங்களுக்குப் பிடிச்ச டெக்னாலஜிக்கு, அடுத்த மீட்டப் என்னைக்குன்னு பார்த்து காலண்டர்ல போடுங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை போங்க. முதல் தடவை யாரையும் தெரியாது, போர் அடிக்கலாம். ரெண்டாவது தடவை யாராவது "போன மாசம் வந்தீங்கல்ல?"ன்னு கேப்பாங்க.

அடுத்த வாரம் ஒரு கெஸ்ட்டோட வர்றேன். அதுவரைக்கும் பை!