ஓடிப்போன பிரபுக்கள் திரும்பி வந்த விதம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி, 1459-ம் வருஷத்தில் இங்கிலாந்தை விட்டு ஓடிப்போன சில பிரபுக்கள் 1460-ல் திரும்பி வந்து அதிகாரத்தைப் பிடித்த சங்கதியாகும். அரசன் கடவுளால் நியமிக்கப்பட்டவன், புனித எண்ணெய் தடவிப் பட்டம் சூட்டப்பட்டவனை மனிதன் அசைக்கக்கூடாது என்று அத்தேசத்துப் பாதிரிமார்கள் ஜனங்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அப்பேர்ப்பட்ட அரசனை, ராஜத் துரோகிகளென்று துரத்தப்பட்டவர்கள் ஒன்பதே மாதத்தில் வந்து கையில் பிடித்துக்கொண்டார்கள் என்றால், அவர்களுக்கு ஒத்தாசை செய்தது கடவுளா? குலப்பெருமையா? அல்லது வேறு ஏதாவதா? இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அப்போது அரசனாயிருந்தவன் ஆறாவது ஹென்றி. ஒன்பது மாதக் குழந்தையாயிருக்கும்போதே அரசனாக்கப்பட்டவன். 1453-ல் இவனுக்குச் சித்தம் கலங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் யாரையும் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியும் தெரியவில்லை. ஆனாலும் கடவுள் நியமனம் கடவுள் நியமனந்தானே! ஆகவே அவன் பெயரால் யார் ஆளுவது என்பதில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. ஒன்று ராணி மார்கரெட் கட்சி. மற்றொன்று அரசனுக்குப் பங்காளியான யார்க் பிரபுவின் கட்சி. யார்க்கின் மைத்துனன் சாலிஸ்பரி, சாலிஸ்பரியின் மகன் வாரிக், யார்க்கின் மூத்த மகன் எட்வர்ட் ஆகியவர்கள் இக்கட்சியின் முக்கியஸ்தர்கள்.

1459-ல் இவர்கள் உஸ்டர் நகரத்துப் பெரிய மாதாகோவிலில், தாங்கள் அரசனுக்கு விரோதிகளல்லவென்று நற்கருணை வாங்கிச் சத்தியம் செய்தார்கள். அதன் பிறகு அக்டோபர் 12-ந் தேதி லட்லோ ஊருக்கருகில் அதே அரசன் படைக்கு எதிராகப் பீரங்கி வைத்து நின்றார்கள். அரசன் செத்துவிட்டான் என்று வதந்தி கட்டி, அவன் ஆத்துமாவுக்குப் பூசையும் செய்வித்தார்கள் என்பது பின்னால் பார்லிமெண்டில் இவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. உயிரோடு எதிரே நிற்கிறவனுக்குக் கருமாதி! அன்றிரவு இவர்களுடைய நல்ல சிப்பாய்களில் ஒரு பகுதியார் அரசன் பக்கம் போய்விடவே, தலைவர்கள் தங்கள் படையை நடுத்தெருவில் விட்டுவிட்டு இருட்டில் ஓடினார்கள். லட்லோ ஊர் கொள்ளை போயிற்று. நவம்பரில் காவென்ட்ரியில் கூடிய பார்லிமெண்டு இவர்களுடைய உயிர், சொத்து, பட்டம், வாரிசுரிமை யாவும் பறிமுதலென்று தீர்த்தது.

யார்க் அயர்லாந்துக்குப் போனான். மற்ற மூவரும் கலே துறைமுகத்துக்குப் போனார்கள். இந்தக் கலே என்பதுதான் சூட்சுமம். அது பிரெஞ்சுக் கரையிலிருந்தாலும் 1347 முதல் இங்கிலாந்தின் வசமிருந்த ஊர். இங்கிலாந்தின் ஆட்டு ரோமம் பெரும்பாலும் அவ்வழியாகத்தான் வெளிதேசங்களுக்குப் போக வேண்டும். அங்கு நிரந்தரமான கோட்டைப் படை உண்டு. அதற்கு வாரிக்தான் அதிகாரி. ரோம வியாபாரிகளின் சரக்கு அங்கே கிடந்ததால், கோட்டையை வைத்திருப்பவனுக்குக் கடன் கொடுத்தே தீரவேண்டிய நிலைமை அவர்களுக்கு. அரசாங்கம் வேறு அதிகாரியை நியமித்து அனுப்பியும் அவனால் ஊருக்குள் கால்வைக்க முடியவில்லை. ஆகவே நாடு கடந்தவர்களிடம் கப்பல், பணம், கோட்டை மூன்றும் இருந்தன.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் நம்மால் மேலே போக முடியவில்லை. 1460 ஜனவரியில் கலேயிலிருந்து போன ஆட்கள் சாண்ட்விச் துறைமுகத்தில் திடீரென்று புகுந்து, இவர்களைத் தாக்கக் கப்பல் சேர்த்துக்கொண்டிருந்த ரிவர்ஸ் பிரபுவையும் அவன் மகனையும் பிடித்து வந்தார்கள். 160 தீவட்டி வெளிச்சத்தில் அவனை நிறுத்தி, சாலிஸ்பரியும் வாரிக்கும் எட்வர்டும் ஒருவர் பின் ஒருவராக வைதார்கள். என்னவென்று? "நீ ஈனப் பிறவி, உன் தகப்பன் சாதாரண ஆள், கலியாணத்தினால் பெரியவனானவன் எங்களைத் துரோகி என்பதா?" என்கிற பாவனையில்! அம்மாதமே லண்டனிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில் இச்செய்தி இருக்கிறது. சரி, வைத யோக்கியர்கள் யார்? சாலிஸ்பரிப் பட்டம் அவன் பெண்சாதி வழியாக வந்தது. வாரிக் பட்டமும் அவன் பெண்சாதி வழியாகவே வந்தது. சீமைப் பிரபுக்களின் குலப்பெருமை இவ்வளவுதான்.

நிற்க, குலப்பெருமையால் ராஜ்யம் வராது என்பது வாரிக்குக்கு நன்றாய்த் தெரியும். ஆதலால் அவன் கெண்ட் ஜில்லா ஜனங்களுக்கு அறிக்கைகள் அனுப்பினான். வரிக்கொடுமை, அரசன் வருமானத்தைச் சுற்றியுள்ளவர்கள் தின்பது, நியாயம் கிடைக்காதது ஆகியவை அதில் கண்டிருந்தன. ஜனங்கள் 1450-லேயே இக்குறைகளுக்காகக் கலகம் செய்து உதைபட்டவர்கள். குறைகள் மெய்யானவை, ஆகவே நம்பினார்கள்.

இன்னொரு சாமானும் தேவைப்பட்டது. அதுதான் மதம். போப் இரண்டாவது பயஸ் என்பவர், இங்கிலாந்தில் சமாதானம் செய்து துருக்கியர்மேல் சண்டைக்கு ஆள் சேர்க்கும்படி கொப்பினி என்கிற பிஷப்பை அனுப்பியிருந்தார். ராணி கட்சியார் அவனை மதிக்கவில்லை. அவனுக்கோ கார்டினல் குல்லாவின்மேல் ஆசை. சமாதானத்துக்கு வந்தவன் வாரிக்கின் கப்பலில் ஏறிக்கொண்டான்.

1460 ஜூன் 26-ந் தேதி சாண்ட்விச்சில் இறங்கினார்கள். கெண்ட் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். ஜூலை 2-ந் தேதி லண்டன் கதவு திறந்தது. அங்கே செயிண்ட் பால் கோவிலில், அரசனுக்கு விரோதமாக ஒன்றும் செய்யோமென்று சிலுவையின்மேல் மறுபடியும் ஒரு சத்தியம்! எட்டே நாளில், ஜூலை 10-ந் தேதி, நார்த்தாம்டனில் அரசன் படையோடு சண்டை. எதிர்க்கட்சியார் சமய விலக்குக்கு உள்ளானவர்கள் என்று கொப்பினி விளம்பரப்படுத்தினான் என அக்கால வரலாறுகள் கூறுகின்றன. அரசன் பக்கத்திலோ அவனுடைய பாவமன்னிப்புக் குருவாகிய ஹெரிபோர்டு பிஷப் நின்று சண்டைக்கு உற்சாகப்படுத்தினான். இரண்டு பிஷப்புகளும் ஒரே கடவுளின் ஆட்கள் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

சண்டை அரைமணி நேரந்தான். மழையால் அரசன் பீரங்கிகள் வெடிக்கவில்லை. அவன் படையில் ஒரு பகுதிக்குத் தலைவனாயிருந்த கிரே என்கிற பிரபு கட்சி மாறி, எதிரிகளைத் தன் ஆட்களைக் கொண்டே கைதூக்கி உள்ளே விட்டான். சாதாரண ஜனங்களைக் கொல்லாதீர்கள், பிரபுக்களைக் கொல்லுங்கள் என்பது வாரிக்கின் உத்தரவு. இதைக் கருணையென்று சிலர் எழுதுவார்கள். ஜனங்களின் தயவு அன்று தேவையாயிருந்தது என்பதே நம் அபிப்பிராயம். அரசன் பிடிபட்டான்.

யார்க் சாவகாசமாக அயர்லாந்திலிருந்து கிளம்பி, அக்டோபர் 10-ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்து, காலியாயிருந்த சிம்மாசனத்தின்மேல் கையை வைத்துத் திரும்பிப் பார்த்தான். யாரும் கைதட்டவில்லை. "அரசரைப் பார்க்க விரும்புகிறீர்களா?" என்று ஆர்ச்பிஷப் கேட்க, என்னைப் பார்க்க வரவேண்டாதவன் எவனிருக்கிறான் என்ற பாவனையில் பதில் சொன்னான். ஹென்றிக்குச் சத்தியம் செய்திருக்கிறோமே என்று பிரபுக்கள் விழித்தார்கள். உண்மைக்கு விரோதமான சத்தியம் செல்லாது என்றான் யார்க். கடைசியில் ஹென்றி சாகும்வரை அரசன், பிறகு யார்க் என்று பாகம் பிரித்தார்கள். டிசம்பர் 30-ந் தேதி வேக்பீல்டில் யார்க் கொல்லப்பட்டு, அவன் தலை காகிதக் கிரீடத்தோடு யார்க் நகரத்து வாசலில் செருகப்பட்டது.

மகன் எட்வர்ட் 1461 பிப்ரவரியில் மார்ட்டிமர்ஸ் கிராஸ் என்ற இடத்தில் நிற்கும்போது வானத்தில் மூன்று சூரியன் தெரிந்தது. சிப்பாய்கள் பயந்தார்கள். அது பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றான் எட்வர்ட். குளிர்காற்றில் மிதக்கும் பனித்துகள்கள் வெளிச்சத்தை வளைப்பதால் சூரியனுக்கு இருபுறமும் தோன்றும் பொய்ச் சூரியன்கள் அவை. எதிரிகளுக்கும் அதே மூன்றுதான் தெரிந்திருக்கும், அவர்கள் தோற்றார்கள். மார்ச்சு 4-ந் தேதி எட்வர்ட் அரசனென்று விளம்பரமாயிற்று. அதே மாதம் 29-ந் தேதி, குருத்தோலை ஞாயிறன்று, டவுட்டனில் பனிமாரியில் ஆயிரக்கணக்கானவர்கள் வெட்டுண்டார்கள். அறிக்கையை நம்பி வந்தவர்களின் குறைகள் அறிக்கையோடு நின்றன. கொப்பினிக்குக் குல்லாவும் கிடைக்கவில்லை; போப் அவன் பிஷப் பதவியையும் பிடுங்கிவிட்டார்.

தீவட்டி வெளிச்சத்தில் வையப்பட்ட ரிவர்ஸின் சங்கதி? 1464-ல் எட்வர்ட் அந்த "ஈனப் பிறவி"யின் மகளையே ரகசியமாகக் கலியாணம் செய்துகொண்டான். வாரிக்குக்கு இது பொறுக்கவில்லை. 1469-ல் ரிவர்ஸைப் பிடித்துத் தலையை வெட்டினான். 1470-ல் தானே மறுபடியும் ஓடவேண்டி வந்து, நிறைகர்ப்பிணியான மகளோடு கப்பலில் கலேக்கு வந்தபோது, தன்னுடைய ஆளே காவலிருந்த அந்தக் கோட்டை அவனைப் பீரங்கியால் சுட்டது. குழந்தை கப்பலிலேயே பிறந்து செத்தது.