கடல்மேல் நீராவி: இரு சாட்சிகள்

உலகில் ஆவியாகும் நீரிற் பெரும்பகுதி கடலினின்றே எழுகின்றது. வெப்பவலயக் கடல்கள் பலவற்றின்மேல் நிற்கும் நீராவி முழுவதையும் நீராக்கிப் பரப்பினால், அது ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். கண்ணுக்குப் புலப்படாத இந்நீரை அளப்பது எவ்வாறு?

தரையிலே கருவி தாங்கிய பலூன்கள் நாள்தோறும் மேலேறி ஈரத்தை அளக்கின்றன. கடலிலோ அத்தகைய நிலையங்கள் சில தீவுகளில் மட்டுமே உள்ளன. எனவே இரு சாட்சிகளை நாடவேண்டியுள்ளது.

முதலாவது சாட்சி செய்மதி. நீராவி தானே நுண்ணலைகளை வெளிவிடுகின்றது. கடற்பரப்பு அவற்றைக் குறைவாகவே வெளிவிடுவதால், அதன்மேல் நீராவி தெளிவாகத் தென்படும். 1987ஆம் ஆண்டு அமெரிக்கச் செய்மதியொன்றில் ஏவப்பட்ட நுண்ணலைக் கருவி இவ்வகை அளவீட்டுக்கு நீண்டதொரு தொடக்கமாயிற்று. ஆயினும் கனமழை பொழியுமிடத்தில் இதன் பார்வை மங்கிவிடும்.

இரண்டாவது சாட்சி கணினி. பௌதிக விதிகளைக் கொண்டு வளிமண்டலத்தின் நிலையைக் கணித்து, கிடைத்த அவதானங்களால் அதனைத் திருத்தி, அவதானமே இல்லாத இடங்களுக்கும் அது விடை கூறுகின்றது.

இவ்விரு சாட்சிகளையும் கெவின் றென்பேர்த் முதலிய அமெரிக்க அறிஞர் ஒப்பிட்டு, 2005ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். ஐரோப்பிய, அமெரிக்க நிலையங்கள் கடந்த ஆண்டுகளுக்கென மீளக் கணித்த அளவுகள், பலூன்கள் மிகுந்த தரையின்மேல் ஏற்கத்தக்கனவாயிருந்தன. கடலின்மேலோ பெரும் பிழைகள் காணப்பட்டன. செய்மதிப் பதிவோ 1988 முதல் 2003 வரை கடல்மேல் நீராவி பத்தாண்டுக்கு ஏறத்தாழ 1.3 சதவீதம் பெருகியதெனக் காட்டிற்று.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. அந்நீராவி மேலும் வெப்பத்தைத் தடுத்து வைக்கும். புதிய செய்மதியின் அவதானங்கள் கணிப்பிற் சேருங்கால், அளவுகள் திடீரென மாறுவதுண்டு. அது காற்றில் நேர்ந்த மாற்றமன்று. அளக்கும் முறையில் நேர்ந்த மாற்றமே. இரண்டையும் பிரித்தறியாதவர் உலகம் வெப்பமடையும் வேகத்தைத் தவறாக மதிப்பிடுவர்.

இன்றைய கணிப்புகள் முன்னையவற்றினும் செம்மையானவை. ஆனால் அவை செய்மதி அவதானங்களையும் உட்கொண்டே விடை கூறுகின்றன. ஒருவன் சொல்லைக் கேட்டு மற்றவன் சாட்சி சொன்னால், இருவர் கூற்றும் ஒத்திருப்பதில் வியப்பென்ன? செய்மதியும் குற்றமற்றதன்று; ஒரு கருவி ஓய்ந்து மற்றொன்று தொடங்குகையில், இரண்டின் அளவையும் ஒன்றோடொன்று இசைவித்தல் வேண்டும். ஆதலின், கணிப்பிற் சேர்க்கப்படாத அளவீடுகளை மூன்றாவது சாட்சியாக வைத்து ஆராய்வதே நேரிய முறை. இரு எண்கள் ஒத்திருத்தல் மட்டும் உண்மைக்குச் சான்றாகாது. அவை எங்கிருந்து வந்தன என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.