பீதி பரவும் வேளையில் யாரிடம் கேட்பது?

 

நோய்க் கிருமிகளை ஆயுதமாக்கி மக்கள் மீது ஏவுவதை உயிரியல் பயங்கரவாதம் என்கிறார்கள். இப்பேச்சு எழுந்தாலே நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். பேச்சு யாரை நோக்கித் திரும்பும் என்பது நமக்குத் தெரியும் என்பதே அதற்குக் காரணம். ஆயினும் அத்தகைய நாளில் நம் வீட்டார் எந்தச் சொல்லை நம்புவது என்பதை இப்போதே அறிந்து வைப்பது நம் மீது கடமையாகும்.

2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக் கொள்வோம். அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் அடங்கிய கடிதங்கள் பத்திரிகை அலுவலகங்களுக்கும் இரு செனட் உறுப்பினர்களுக்கும் அஞ்சலில் வந்தன. ஆந்த்ராக்ஸ் நமக்குப் புதிய நோயன்று. ஆடுமாடுகளுக்கு வரும் 'அடைப்பான்' நோய்தான் அது. தோல், கம்பளித் தொழிலில் உழைப்போரையும் பண்டு முதல் தாக்கி வந்த நோய். அந்தக் கடிதங்களால் 22 பேர் நோயுற்றனர். 5 பேர் இறந்தனர்.

முதலில் நோய் கண்டறியப்பட்டவர் ஃபுளோரிடாவில் ஒரு பத்திரிகையின் புகைப்பட ஆசிரியர். அக்டோபர் 4 அன்று அந்நாட்டின் சுகாதார அமைச்சரே மக்கள் முன் தோன்றி, இது தனியொரு நிகழ்வாகவே தெரிகிறது என்றும், அந்த மனிதர் ஓர் ஓடையில் நீர் அருந்தியிருக்கிறார் என்றும் கூறினார். மறுநாளே அவர் இறந்தார். நுரையீரலைத் தாக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் ஓடை நீருக்கும் தொடர்பில்லை.

இதைவிட வேதனையானது வாஷிங்டனின் பிரென்ட்வுட் அஞ்சல் நிலையத்தில் நிகழ்ந்தது. செனட் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கப்பட்டது அக்டோபர் 15 அன்று. அங்கிருந்த ஊழியர்களுக்கு உடனே பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன. அதே கடிதத்தைக் கையாண்ட அஞ்சல் ஊழியர்களுக்கோ, ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளிவராது, அஞ்ச வேண்டாம் என்றே சொல்லப்பட்டது. ஆனால் கடிதங்களைப் பிரித்தடுக்கும் இயந்திரங்கள் உறையை அழுத்தியபோது நுண்ணிய தூள் வெளியேறிக் காற்றில் கலந்துவிட்டது. நிலையம் மூடப்பட்டது 21-ஆம் தேதி. அன்று ஊழியர் ஒருவர் அவசர உதவி எண்ணை அழைத்து, தமக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியிருக்கலாம் என்று சந்தேகிப்பதாகக் கூறினார், அன்றே இறந்தார். மறுநாள் இன்னொருவர் இறந்தார்.

சகோதரர்களே! அதிகாரியின் சொல் என்பதற்காக மட்டும் ஒரு சொல் உண்மையாகி விடாது என்பதற்கு இது சான்று. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அரசு சொல்வதெல்லாம் பொய், தெருவில் பேசுவதே மெய்" என்று முடிவு கட்டுவோர் நம்மிடையே உண்டு. அது இதைவிடப் பெரிய கேடு. அதே வாரங்களில் தெருப்பேச்சு என்ன செய்தது? நோய் அண்டாத ஊர்களிலும் மக்கள் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரைகளை வாங்கிக் குவித்தனர். ஆந்த்ராக்ஸ் கிருமியைச் சுவாசித்து நோயுற்ற ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அந்நோய் பரவுவதில்லை. இந்த ஒரு செய்தி உரிய நேரத்தில் உரிய வாயிலிருந்து எல்லா வீடுகளையும் எட்டியிருந்தால் பாதி அச்சம் தணிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அக்கடிதங்களில் அல்லாஹ்வின் திருநாமம் எழுதப்பட்டிருந்தது. கடிதத்தைப் பார்த்தவுடன் உலகம் யாரைச் சந்தேகித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2008-இல், அமெரிக்கப் புலனாய்வுத் துறை அந்நாட்டு இராணுவ ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானியான ப்ரூஸ் ஐவின்ஸ் என்பவரையே குற்றவாளி என அறிவித்தது. அவர் அதற்கு முன்பே, நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமலே இறந்துவிட்டார். அறிவியல் சான்றுகளை மட்டும் வைத்து உறுதியான முடிவுக்கு வர இயலாது என்று 2011-இல் அந்நாட்டு அறிஞர் குழு ஒன்று கூறியது. எனவே நாமும் அவ்விஷயத்தில் அளவோடுதான் பேச வேண்டும். நம்மீது சந்தேகம் வந்தபோது ஆதாரம் கேட்ட நாம், பிறர் விஷயத்தில் ஆதாரமின்றிப் பேசலாகாது.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், நம்பகமற்றவர் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்குமாறு கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரிடும் என எச்சரிக்கிறது. ஸூரத்துன்னிஸாவின் 83-ஆவது வசனம், பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி எட்டியவுடன் அதைப் பரப்பிவிடுவோரைக் கண்டிக்கிறது; அதை ஆராய்ந்தறியும் தகுதியுடையோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று போதிக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்ஃ என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியுள்ளதாகத் தளபதிகள் தெரிவித்தனர். கலீஃபா அவர்கள் தாமாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அப்போதும் வேறுபட்டது. பின்னர் குறைஷி முதியோர்களைக் கேட்டார்கள். திரும்பிச் செல்வதே நலம் என அவர்கள் ஒருமித்துக் கூறினர். அவ்வேளை வெளியே சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரில் இருப்போர் தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. மூன்று குழுவினரிடம் கேட்டதில் அந்த மாமனிதருக்கு இழுக்கு ஏற்படவில்லை. கைப்பேசியில் வந்ததை ஒரு முறைகூடக் கேட்டறியாமல் நாற்பது பேருக்கு அனுப்பும் நமக்குத்தான் இது பாரமாகத் தோன்றுகிறது.

நம் நாட்டிலேயே 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் கூட்டத்திற்குப் பின், முஸ்லிம்கள் வேண்டுமென்றே கொரோனாவைப் பரப்புகிறார்கள் என்ற பழி பரவியது. தெருவில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கண்டித்தது. பழி ஒரு நாளில் ஊரைச் சுற்றியது. தீர்ப்பு எத்தனை பேரைச் சென்றடைந்தது? அதே காலத்தில் தடுப்பூசி போட்டால் மலடாகும் என்ற புளுகு நம் குடும்பங்களின் கைப்பேசிகளிலும் வலம் வந்ததை மறுக்க முடியுமா?

அப்படியானால் நம்பத்தகுந்த சொல்லை எவ்வாறு அறிவது? சொன்னவர் யார், என்று சொன்னார் என்பது அதில் இருக்க வேண்டும். இதுவரை உறுதியானது எது, இன்னும் தெரியாதது எது என்று அது பிரித்துக் காட்ட வேண்டும். நேற்றுச் சொன்னது தவறானால் இன்று வெளிப்படையாகத் திருத்திக் கொள்ள வேண்டும். திருத்துகிறவரைப் பொய்யர் என்று எண்ணாதீர்கள். ஒருபோதும் திருத்தாதவரிடமே எச்சரிக்கையாய் இருங்கள். பெயரில்லாத "பெரிய டாக்டர்" சொன்னதாக வரும் குரல் பதிவுக்கு இந்த அடையாளங்களில் ஒன்றும் இருப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பரவல் அறிக்கைகளைத் தேதியுடன் வெளியிடுகிறது. நம் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் உயிரியல் பேரிடர்கள் குறித்து 2008-இல் வழிகாட்டி நூலே வெளியிட்டுள்ளது. படித்த இளைஞர்கள் அதைப் பார்த்து ஜமாஅத்துக்கு எடுத்துச் சொல்லலாம். தமிழகத்தில் மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. முன்பின் அறியாத தூளோடு உறை வந்தால் உதறாதீர்கள், முகராதீர்கள். அப்படியே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறி, சோப்பினால் கைகழுவிக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாட்டிக்கை அச்சத்தினால் விழுங்காதீர்கள். பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் சில நாட்களுக்குக் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும்; குடிநீரும், பேட்டரியில் ஓடும் ஒரு வானொலியும் இருக்கட்டும். மின்சாரமும் இணையமும் நின்ற நாளில் அதன் அருமை புரியும்.

இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஜும்ஆ முடிந்து செல்லும்போது குறித்துக்கொண்டு போய், நம் தாய்மார்களும் பிள்ளைகளும் பார்க்கும்படி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.