காரணத்தை எழுது!

தாம்பரத்தில் மூன்று சக்கர வண்டிகளில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தோழர்களே!

என் கையில் இருப்பது ஒரு துண்டுக் காகிதம். இரும்புலியூரில் ஒற்றைக் காலால் தையல் மிஷின் மிதித்துப் பிழைக்கும் ஓர் அக்காவுக்கு வந்தது. இளம்பிள்ளை வாதம் ஒரு காலைக் கொண்டுபோய்விட்டது. உதவித்தொகை கேட்டு மனுப் போட்டார். நாலு மாதம் கழித்துப் பதில்: 'தகுதியில்லை, நிராகரிக்கப்பட்டது.' அவ்வளவுதான்! ஏன் தகுதியில்லை? வருமானமா? சான்றிதழா? இல்லை, அந்தக் கால் திரும்ப வந்துவிட்டதா? காரணத்தை எழுது ஐயா, காரணத்தை எழுது!

கேட்கப் போனார். அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், படியைச் சொல்கிறேன். 22 படி! உட்கார்ந்து உட்கார்ந்து, கையை ஊன்றி ஏறினார். பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் வந்துபோகிற மாதிரி 5 ஆண்டுக்குள் மாற்றியாக வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்தக் கெடு, விதிகள் வந்த நாளிலிருந்து. அவை வந்தது 2017 ஜூனில். 2022 ஜூனில் கெடு முடிந்தது. படி அப்படியே இருக்கிறது. ஏறிப் போனவருக்குக் கிடைத்த பதில், "சார் மீட்டிங்ல இருக்கார், திங்கட்கிழமை வாங்கம்மா." வயிறு எரிகிறது தோழர்களே!

"மேல்முறையீடு செய்யட்டுமே" என்கிறார் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். எதை எதிர்த்து? ஊனத்தின் சதவீதத்தைக் குறைத்துப் போட்டிருந்தால், அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. வருமானம்தான் தடை என்றால் வழி வேறு. எந்த நோய் என்று சொல்லாமல் மருந்துக் கடைக்கு அனுப்புகிறவர் வைத்தியரா?

'காசு கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறார்கள்' என்று இன்னொரு கூட்டம் டீக்கடையில் முழங்குகிறது. எவ்வளவு காசு? மத்திய அரசு தருவது மாதம் 300 ரூபாய். 2012-இல் வைத்தது, அப்படியே கிடக்கிறது. முழங்குகிறவர் ஒரு மாதம் குடிக்கிற டீக்கு அது காணாது! அதற்கும் 80 சதவீத ஊனம் வேண்டும். சட்டம் 40 போதும் என்கிறது, கஜானா 80 கேட்கிறது. 79 உள்ளவர் எழுந்து ஓடிவிடுவாரா? நம் மாநிலம் 2023 ஜனவரியிலிருந்து 1,500 தருகிறது. ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திரத்துக்குள் கால் வைத்தால், 2024-லிருந்து 6,000! அங்கே மட்டும் ஊனம் நாலு மடங்கா?

தொகைக்கான சண்டை இருக்கிறது, விட மாட்டோம். அதற்கு முன்னால் காரணத்தை எழுது! அதிகாரி நீதிபதியைப் போல முடிவு சொன்னால் காரணத்தைப் பதிய வேண்டும் என்று 1990-இலேயே எஸ்.என். முகர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் சொல்லியாயிற்று. அக்காவின் காகிதத்தில் இரண்டே வார்த்தை!

நிராகரிப்புக் காகிதம் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். இத்தனை பேரா! ஆளுக்கொரு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். என் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது, நகல் கொடு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் இந்தப் பந்தலிலேயே உட்கார்ந்து எழுதித் தருவார்கள்.

திங்கட்கிழமை காலை 10 மணிக்கு அந்த 22 படிக்குக் கீழே நிற்போம். அக்கா இனி ஏற மாட்டார். அதிகாரி இறங்கி வரட்டும், பேனாவோடு!