முதியோர் கல்வியும் கைபேசியும்



புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. பிறர் துணையை எதிர்பாராது அவர்கள் சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். இந்நாளில் அவ்விடத்தைக் கைபேசி பெற்றுள்ளது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் இணைய அறிவைப் பாடமாக்கியுள்ளது.

பெங்களூரில் வாழும் நம் தாய்மார் சிலர், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைப் படிக்கவும் அயலார் கையில் கைபேசியைக் கொடுக்கின்றனர். உழைத்துச் சேர்த்த பொருள் நொடியில் பறிபோகக் கூடும். ஆதலின், கற்பிக்கும் அன்பர்கள் முதலில் கைபேசியின் மொழியைத் தமிழாக்கித் தருக. எண்களை முன்னும் எழுத்துகளைப் பின்னும் பயிற்றுக. கற்பவர் விரலே கருவியைத் தொடட்டும். இப்பணிக்கு நம் சங்கத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவோமாக.