கரிச்சானின் வால் பிளந்த கதை



அணில் முதுகில் ஏன் மூன்று கோடு என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். சேதுவுக்கு மணல் சுமந்த அணிலை ராமர் மூன்று விரலால் தடவிக் கொடுத்தார் என்பார்கள். கடலை அடைக்க ஓடிய அணில்களைத் தொண்டரடிப்பொடி ஆழ்வாரே திருமாலையில் பாடியிருக்கிறார். ஆனால் வடஇந்தியத் தோட்டங்களில் சாதாரணமாக ஓடித் திரியும் அணிலுக்கு முதுகில் ஐந்து கோடுகள். மூன்று விரல் கதை நம் தென்னாட்டு அணிலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும் அணிலை நன்றாகப் பார்த்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்படி இயற்கைக்குக் காரணம் சொல்லும் கதைகளை நாமும் புதிதாகக் கட்டலாம், கட்ட வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். விஞ்ஞானம் எல்லாவற்றுக்கும் விளக்கம் தரும் காலத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். கதை கட்ட உட்கார்ந்தால் கண்ணைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அதற்காகத்தான்.

இந்த வேலையை அழகாகச் செய்தவர் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். 1865-ல் பம்பாயில் பிறந்தவர். தன் மூத்த மகளுக்கு இரவில் கதை சொல்வார். ஒரு சொல்லை மாற்றினாலும் அந்தக் குழந்தை விடாது, நேற்றுச் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும். அவள் 1899-ல் ஆறு வயதில் இறந்துபோனாள். கதைகள் 1902-ல் புத்தகமாக வந்தன. அதில் யானைக்குத் தும்பிக்கை வந்த கதை இருக்கிறது. ஆப்பிரிக்காவின் லிம்போபோ ஆற்றங்கரையில் ஒரு முதலை யானைக்குட்டியின் குட்டை மூக்கைக் கவ்வி இழுக்கிறது. மூக்கு நீண்டுவிடுகிறது. சாதாரணக் கதைசொல்லி அங்கே நிறுத்தியிருப்பார். கிப்ளிங் நிறுத்தவில்லை. மூக்கு சுருங்கும் என்று காத்திருக்கும் குட்டியின் தோளில் ஓர் ஈ கடிக்கிறது, குட்டி தன்னை அறியாமல் நீண்ட மூக்கால் அதை அடிக்கிறது. பிறகு புல்லைப் பிடுங்கித் தின்கிறது. வெயிலுக்குச் சேற்றை வாரித் தலையில் அப்பிக்கொள்கிறது. அத்தனையும் யானை நிஜமாகச் செய்வது. முதலை மட்டும்தான் கற்பனை.

நம்மூர்ப் பறவை ஒன்றை வைத்து நானும் ஒரு கதை கட்டியிருக்கிறேன். கரிச்சான். சில ஊர்களில் இரட்டைவால் குருவி என்பார்கள். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும், உடம்பெல்லாம் கன்னங்கரேல் என்றிருக்கும், வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். கதையைக் கேளுங்கள்.

ஆதியில் இருட்டு மட்டும்தான் இருந்தது. இருட்டு ஒரு கிழவி. விடியலைப் பாலாகக் கறந்து கலயத்தில் ஊற்றி, அதன்மேல் கைவைத்துப் படுத்திருப்பாள். அவளிடம் வேலைக்கு இருந்தது கரிச்சான். அப்போது அதற்கு நிறமே கிடையாது. ஒருநாள் பசி பொறுக்காமல் மூடியைத் தள்ளி ஒரு வாய் குடித்தது. கலயம் சாய்ந்தது, பால் கிழக்கே வழிந்தது. மரத்திலிருந்த காக்கை அதைப் பார்த்துக் கத்திக் கிழவியை எழுப்பிவிட்டது. கிழவி எட்டி வாலைப் பிடித்தாள். அவள் கைபட்ட கருப்பு உடம்பெல்லாம் ஏறியது. கரிச்சான் திமிறியதில் வால் நடுவில் கிழிந்தது. தப்பிய கரிச்சான் ஓர் எருமையின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. கருப்போடு கருப்பு, கிழவிக்குத் தெரியவில்லை. எங்கே போனான் என்று புறாவைக் கேட்டாள். புறா வாயைத் திறக்கவில்லை, தொண்டைக்குள்ளேயே முனகியது. கருப்பெல்லாம் ஏறிய பிறகும், குடித்த பாலில் ஒரு துளி மட்டும் அலகோரம் வெள்ளையாகத் தங்கிவிட்டது.

கதை இவ்வளவுதான். கிழவியும் கலயமும் என் சரக்கு, மற்றதெல்லாம் வயல்காட்டில் இருக்கிறது. கரிச்சான் எருமை முதுகில் சவாரி செய்யும். தன் கூட்டுப் பக்கம் காக்கை வந்தால், தன்னைவிடப் பெரிய பறவை என்று பார்க்காமல் பாய்ந்து கொத்தித் துரத்தும். புறாவும் கொண்டைக்குருவியும் மாங்குயிலும் அந்தப் பாதுகாப்பை நம்பி அதே மரத்தில் கூடு கட்டுவதுண்டு. விடிவதற்கு முன் முதலில் கூப்பிடும் பறவைகளில் இதுவும் ஒன்று. திருப்பாவையில் வரும் ஆனைச்சாத்தன் இதுதான் என்று சொல்வோரும் உண்டு. அலகும் கன்னமும் சேரும் மூலையில் கடுகளவு வெள்ளைப் புள்ளி இருக்கும். பைனாகுலரில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். அந்தப் புள்ளியைக் கண்ட பிறகுதான் பால் என்ற யோசனையே எனக்கு வந்தது.

கதையைச் சொன்ன கையோடு பிள்ளைகளுக்கு நிஜக் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். எருமை நடக்கும்போது புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பும், அவற்றைப் பிடிக்கத்தான் அந்தச் சவாரி. பறக்கும் பூச்சியைத் துரத்தும்போது சட்டென்று திரும்ப அந்தப் பிளந்த வால் உதவுகிறது. கதை கேட்ட பிள்ளை இதை ஆசையாகக் கேட்டுக்கொள்ளும், வாலைப் பற்றிய கேள்வி அதன் மனசில் ஏற்கனவே இருப்பதால்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். நாம் கட்டிய கதையை முன்னோர் சொன்னது, புராணத்தில் உள்ளது என்று வாட்ஸப்பில் அனுப்பி வைக்கக் கூடாது. பழங்குடி மக்களுக்கும் கிராமத்துப் பெரியவர்களுக்கும் அவர்கள் கதைகள் உண்டு, அவை நம்பிக்கையோடும் மண்ணோடும் சேர்ந்தவை. நாம் கட்டியது நாம் கட்டியது என்றே இருக்கட்டும்.

இந்த வாரம் நீங்களும் ஒன்று கட்டிப் பாருங்கள். ஆட்காட்டிக் குருவியை எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் நிறத்தில் நீண்ட கால், கண் முன்னால் சிவப்புச் சதை. மரக்கிளையில் உட்காராது. வெறுந்தரையில் கூழாங்கல் நிறத்தில் முட்டையிடும், ஆள் வருவது தெரிந்தால் ராத்திரியிலும் ஊரைக் கூட்டும். மரம் ஏன் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை? யாரிடம் எதை ஒளித்து வைத்திருக்கிறது? ஏரிக்கரையில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றினால் முட்டை பக்கத்தில்தான் இருக்கிறது, வந்த வழியே திரும்பிவிடுங்கள். தாய்ப்பறவை விலகி நின்றால் வெயிலில் முட்டை கெட்டுப்போகும்.